ஒன்பது மணிக்கு இறங்கும் புகை

விராலிமலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பங்ச்சர் கடை இருக்கிறது. இன்று காலை அங்கே ஒரு லாரி டியூபுக்குச் சூட்டில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரப்பர் வேகும் வாடை ரோட்டைத் தாண்டி வந்து மூக்கில் ஏறியதும், சாப்பிட்ட இரண்டு இட்லியும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நிழற்குடைக்குப் பின்னால் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, "என்ன தாயி, மாசமா இருக்கியா?" என்று கேட்டார். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இந்தக் கேள்வி. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். சிரிப்பு முடிந்ததும் இருமியிருப்பாய்.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உனக்கு எழுதவேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் பாசம் வரவில்லை, அருவருப்புதான் வருகிறது. நினைவு மடலை இப்படியா எழுதுவார்கள் என்று எடுத்து வைத்துவிடுவேன். இன்று வருவதே வரட்டும் என்று எழுதுகிறேன்.

திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்கு மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் போய் வேதியியல் படித்தவர்கள் நாம். உன் பையில் புத்தகம் இல்லாத நாள் உண்டு, இன்ஹேலர் இல்லாத நாள் கிடையாது. ஆய்வகத்தில் முட்டை அழுகின வாடை அடிக்கிற அந்த வாயுவைத் தயாரிக்கும் நாளில் நீ வராந்தாவுக்குப் போய்விடுவாய். உன் சோதனைக் குழாயையும் நானே முகர்ந்து எழுதுவேன். "எனக்கும் சேத்து நீயே மோந்து பாருடி, நா வெளிய நின்னு ஒனக்கும் சேத்து மூச்சு விடுறேன்" என்பாய். படிப்பு முடிந்து நீ ஆசிரியை ஆனாய். விராலிமலையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் ஒரு நடுநிலைப் பள்ளி உனக்குக் கிடைத்தது. நான் திருச்சியில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தேன். ஆலைகளுக்குப் போய்க் காற்றைக் குழாயில் பிடித்து வந்து, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

உன் பள்ளிக்கு வடக்கே, தைலமரக் காட்டைத் தாண்டி, பழைய டயரை வேகவைத்து எண்ணெய் எடுக்கும் ஆலை வந்தது. சாயங்காலம் டயரை அடைத்து ராத்திரி முழுக்க எரிப்பார்கள். முதலில் குட்டையான புகைக்குழாய்தான் வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் வாடை ஊரின் மேலேயே படுத்துக்கொள்ளும். கொடியில் காயும் துணியில், மூடி வைத்த சோற்றில், பிள்ளைகளின் தலைமுடியில் எல்லாம் ரப்பர் நாற்றம். ஊரார் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆலை முதலாளி பெரிய மனது பண்ணி உயரமான புகைபோக்கி கட்டினார். அதற்குப் பிறகு ராத்திரி வாடை நின்றுபோனது. ஊர் அவருக்குக் கோயில் திருவிழாவில் மாலை போட்டது.

அந்த வருடம் மார்கழியில்தான் நீ எனக்குப் போன் செய்தாய்.

"ஏய், ஒரு சந்தேகம். பொகைக்கு மணி பாக்கத் தெரியுமா?"

"என்னடி ஒளறுற?"

"ஒளறல. தெனமும் கரெக்டா பிரேயர் நேரத்துல எறங்குது. இருபது நிமிஷம், மிஞ்சிப் போனா அரை மணி. அப்பறம் காணோம். ராத்திரி இல்ல, மத்தியானம் இல்ல. மேகம் போட்டிருந்தா அன்னைக்கு லேட்டா வருது, இல்ல வரவே மாட்டேங்குது. கார்த்திகையில ஒம்பது மணின்னா, மார்கழியில ஒம்பதேகால். அந்த ஆளு சூரியனப் பாத்தா அடுப்பு மூட்டுறாரு?"

"ஊர்ல சொன்னியா?"

"சொன்னேன். அந்த நேரத்துல பாதிப் பேரு வயக்காட்டுல, மீதிப் பேரு நூறு நாள் வேலையில. 'எங்களுக்கு வராதது டீச்சருக்கு மட்டும் எப்படிங்க வருது'ன்னு கேக்குறாக. நா சீக்கு புடிச்சவ, எனக்கு எல்லாமே நாறும்னு பேச்சு."

அடுத்த சனிக்கிழமை விடிவதற்குள் வந்தேன். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற பாறையில் ஏறினோம். நீ நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாய். மேலே போய் உட்கார்ந்தபோது நல்ல பனி. ஆலைப் புகை நேராக மேலே ஏறி, ஒரு உயரத்துக்கு மேல் போகாமல், யாரோ இழுத்து விரித்த மாதிரி தட்டையாகத் தெற்கே நீண்டு கிடந்தது. தைலமரக் காட்டுக்கு மேலே, பள்ளிக்கூடத்துக்கு மேலே, நாம் உட்கார்ந்திருந்த பாறையின் தோள் வரைக்கும் ஒரு அழுக்குப் பட்டை. கீழே காற்று சுத்தமாக இருந்தது. மாடுகள் மேய்ந்தன. ஒரு பெண் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் அது கிடப்பது அவளுக்குத் தெரியாது.

வெயில் ஏற ஏற நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டரை வரை பட்டை அசையவில்லை. ஒன்பதை நெருங்கும்போது அதன் அடிப்பக்கம் பிசிறு பிசிறாகத் தொங்க ஆரம்பித்தது. பிறகு சரிந்தது. கண் முன்னால், பள்ளி மைதானத்தின் மேலே, துணி கிழிந்து விழுவது போல விழுந்தது. பாறை மேல் இருந்த நமக்கும் வாடை அடித்தது. நீ முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு வாட்சைக் காட்டினாய்.

எனக்குச் சங்கதி அப்போதே புரிந்துவிட்டது. ராத்திரியில் தரை குளிர்ந்துபோகும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, மேலே உள்ளதோடு கலக்காமல் படுத்துவிடும். குட்டைக் குழாய் இருந்தபோது புகை அந்தக் குளிர்க் காற்றுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு ஊரை நாறடித்தது. உயரமான புகைபோக்கி புகையை அதற்கு மேலே கொண்டுபோய்ப் போட்டது. அங்கே கலக்க ஆளில்லாமல் விடிய விடிய அது அப்படியே சேர்ந்துகொண்டிருந்தது. காலையில் வெயில் தரையைச் சுட வைத்ததும் கீழ்க்காற்று புரள ஆரம்பிக்கும். அந்தப் புரட்டல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து புகைப் பட்டையைத் தொடும் நேரம் ஒன்பது மணி. தொட்டதும் ராத்திரி முழுவதும் சேர்ந்ததை ஒரே மூச்சில் கீழே இழுத்துப் போடும். பதினொரு மணிக்குள் புரட்டல் வானம் வரைக்கும் போய்விடும், எல்லாம் நீர்த்துவிடும். ஆலையைச் சோதிக்க வருகிற அதிகாரிகளின் கார்கள் எப்போதும் பதினொரு மணிக்குத்தான் வரும்.

நான் இதைப் புத்தகத் தமிழில் இழுத்துக்கொண்டிருந்தேன். நீ குறுக்கே புகுந்தாய். "அட, நம்ம சத்துணவு சாம்பார்டி. அடுப்பு சூடாகுற வரைக்கும் எண்ணெ மேலயே மெதக்கும். அடி கொதிக்க ஆரம்பிச்சதும் உள்ள இழுத்துக்கிட்டுப் போயி எல்லாப் பக்கமும் கலந்துரும்ல. அந்த எண்ணெ மொத்தமா கீழ எறங்குற நேரத்துல எம் பிள்ளைக சட்டிக்குள்ள நிக்குதுக."

நான் பதினைந்து வருடமாகக் காற்றைப் பிடிக்கிறவள். அதுவரை எந்த ஆலையிலும் என் தலைக்கு மேல் என்ன கிடக்கிறது என்று அண்ணாந்து பார்த்ததில்லை.

திங்கட்கிழமையும் லீவு போட்டு உன் பள்ளியில் நின்றேன். அதை மறக்கமுடியவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகள் பிரார்த்தனைப் பாட்டின் நடுவிலேயே துப்பின. யாரும் திட்டவில்லை, அவ்வளவு பழகியிருந்தது. ஒரு சின்னப் பெண் நாக்கைப் பாவாடையில் துடைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

நீ மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு மனு எழுதினாய். நேரம், தேதி, மேகமா வெயிலா, எத்தனை பிள்ளைகள் இருமினார்கள் என்று இரண்டு மாதக் குறிப்பை இணைத்துக் கொடுத்தாய். பதிலுக்கு, ஆலைக்காரர்கள் காற்றை அளந்து அறிக்கை தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. அளக்கும் வேலை எங்கள் நிலையத்துக்கு வந்தது. "அந்தப் பக்கத்து ஊர்ப் பொண்ணுதானே, நீயே போயிட்டு வாம்மா" என்று மேனேஜர் என்னை அனுப்பினார். உனக்குச் சொன்னபோது போனிலேயே குதித்தாய். "ஆண்டவன் ஒன்னத்தான்டி அனுப்புறான். இனி எவன் என்ன சொல்ல முடியும்?"

பள்ளி மாடியில் கருவியை வைத்தேன். இருபத்து நாலு மணி நேரம் ஓடவேண்டும், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாயை மாற்றவேண்டும். ஆலை அன்றைக்கு நிறுத்தவுமில்லை, வழக்கம் போலவே எரித்தது. அப்படி ஒரு துணிச்சல் அவர்களுக்கு ஏன் என்று நான் யோசித்திருக்கவேண்டும். ஒன்பது மணிக்குப் புகை இறங்கியது. என் பையில் இருந்த, காற்றில் நச்சு ஏறினால் சத்தம் போடும் சின்னக் கைமீட்டர் வீல் வீல் என்று கத்தியது. நீ கை தட்டினாய். "மாட்டுனான்டி!" அந்த அரை மணி நேரத்தை நிமிடத்துக்கு நிமிடம் என் நோட்டில் குறித்துக்கொண்டேன். நீ எனக்குக் கேப்பைக் கூழும் மோர் மிளகாயும் கொடுத்தாய். நான் சாப்பிட்டேன். உன் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. நோட்டைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "கைமீட்டர் ரீடிங் ஃபார்மட்ல இல்லம்மா. குழாய் ரிசல்ட்ட மட்டும் கூட்டி வகுத்துப் போடு."

"சார், அந்த அரை மணி நேரம்தான் சார் விஷயமே."

"அரை மணிக்குன்னு தனிக் கட்டமே இல்லையேம்மா இதுல. எங்க எழுதுவ?"

எழுத இடமில்லை. ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஒரே குழாய். கெட்ட அரை மணியும் நல்ல மூன்றரை மணியும் அதற்குள் ஒன்றாகிவிட்டன. அதையும் மற்றக் குழாய்களோடு கூட்டி, வகுத்தேன். ஒரு தம்ளர் கக்கூஸ் தண்ணீரை ஊருணியில் ஊற்றிவிட்டு, ஊருணித் தண்ணீரைக் குடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதுவதுதான் அது. பிள்ளைகள் குடித்தது ஊருணியை அல்ல, தம்ளரை. 'அனைத்து அளவுகளும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் உள்ளன' என்று தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துப் போட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அந்தக் காகிதத்தில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன் என்பதை நினைத்தால் இப்போதும் என் கையை வெட்டிக் கழுவவேண்டும் போல இருக்கிறது.

அறிக்கையின் நகல் உனக்கு வந்தது. அன்று மாலை நீ கூப்பிட்டாய். நான் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். நீ திட்டவேயில்லை.

"காலேஜ்ல போட்ட மாதிரியே இருக்குடி ஒங் கையெழுத்து. கொஞ்சங்கூட மாறல."

அவ்வளவுதான். வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு பத்து மாதம் நாம் பேசவில்லை. உன் மனுவை முடித்துவைத்தார்கள். டீச்சருக்கு வேறு வேலை இல்லை என்று ஊரில் சிரித்தார்களாம். வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று ஓய்ந்து புகை வேறு பக்கம் போனபோது நானும் நிம்மதியாக மறந்தேன். அடுத்த கார்த்திகையில் காற்று திரும்பியது.

மார்கழியில் உன்னைத் திருச்சிக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடி வந்தேன். உன் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்துகொண்டிருந்தார். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாய். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்தேன். உன் போர்வையைத்தான் இழுத்துவிட்டேன். நீயே மாஸ்க்கை லேசாகத் தூக்கி, "இங்கிட்டுக் காத்து நல்லாருக்குடி" என்றாய். அதுதான் எனக்கு நீ கடைசியாகச் சொன்னது. நிமோனியா என்று எழுதினார்கள். சின்ன வயதிலிருந்தே வீசிங் என்று துக்கத்துக்கு வந்த எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அது உண்மைதான். என் அறிக்கையைப் போலவே உண்மை.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பள்ளியில் உனக்கு இரங்கல் கூட்டம் என்று உங்கள் தலைமையாசிரியை கூப்பிட்டார். பதினொரு மணிக்கு வைக்கலாம், ஆலை முதலாளி அப்போதுதான் வர வசதிப்படும் என்றார். அவரா என்று கேட்டேன். "அவருதாங்க ஃப்ளெக்ஸ் அடிச்சுக் குடுத்தாரு. டீச்சர் பேர்ல வருஷா வருஷம் பரிசு குடுக்கப் போறாராம்" என்றார். நான் குரலை இறக்கி, "பிரேயர் நேரத்துல வச்சாத்தாங்க அவளுக்குப் பிடிக்கும். ஒம்பது மணிக்கு வைங்க. அவர்கிட்ட நீங்க சொன்னா கேப்பாரு" என்றேன். முதல் நாள் வானிலையைப் பார்த்துவைத்தேன். மேகம் இல்லை. வாடைக்காற்றுதான். இப்படி நேரம் குறித்துக் காத்திருந்தது எனக்கே கேவலமாகப் பட்டது. ஆனாலும் குறித்தேன்.

உன் சிரித்த முகம் ஃப்ளெக்ஸில் இருந்தது. உன் கழுத்துக்குக் கீழே ஆலையின் பெயர், உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில். முதலாளி வெள்ளை வேட்டியில் எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். "டீச்சரம்மா இல்லாதது நம்ம ஊருக்கே நட்டங்க" என்று மைக்கில் தொண்டை கம்மச் சொன்னார். நடிப்பு இல்லை, நிஜமாகவே கம்மியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிட்டப்போய் அவர் சட்டையைப் பிடிக்கக்கூட முடியாத அளவுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த மைதானத்தில் அவரும் நானும் ஒரே ஜாதி. அவர் எரித்தார், நான் எல்லைக்குள் இருக்கிறது என்றேன். இப்போது இருவரும் உனக்குப் பூப் போட வந்திருக்கிறோம்.

ஒரு நிமிட மவுனம் என்று தலைமையாசிரியை சொன்னார். பிள்ளைகள், தாய்மார்கள், எல்லாரும் எழுந்து நின்றார்கள். சேலை சரசரப்புக்கூட அடங்கிவிட்டது. அப்போது அது இறங்கியது.

முதலில் முன்வரிசைப் பிள்ளை ஒன்று இருமியது. பிறகு நாலைந்து. ஒரு பையன் வழக்கம் போலப் பக்கவாட்டில் திரும்பித் துப்பினான். முதலாளி கும்பிட்ட கையை எடுக்காமல் ஒரு நொடி வடக்கே திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு கை மட்டும் மெல்லக் கீழே இறங்கிச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தது. என் தோள்பையில் மீட்டர் கத்த ஆரம்பித்தது.

"அத ஆஃப் பண்ணுங்களேன்" என்று தலைமையாசிரியை என் காதில் கெஞ்சினார். நான் பையைத் திறந்து மீட்டரை வெளியே எடுத்து, உன் படத்துக்கு முன்னால் இருந்த மேசையில் பூத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது விடாமல் கத்தியது.

"எங்கயோ குப்பையக் கொளுத்துறாங்க போல" என்றார் முதலாளி, கைக்குட்டைக்குள்ளிருந்து.

பின்னால் நின்ற ஒரு தாய், இடுப்பில் பிள்ளையோடு முன்னே வந்தார். "குப்பைன்னா நீங்க எதுக்குங்க அங்கிட்டு ஒங்க மில்லப் பாத்தீக?"

முதலாளி கார் நின்ற பக்கம் நகர்ந்தார்.

"இதத்தானே டீச்சர் போன வருசமே சொன்னாக," என்று அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நாமதான் அவுகளுக்குச் சீக்குன்னோம்."

அதற்குள் முதலாளியின் கார் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அந்தத் தாய்மார்கள் அப்படியே ஆலை வாசலுக்கு நடந்தார்கள். நானும் கூட நடந்தேன். திரும்பி வந்து ஃப்ளெக்ஸை அவிழ்த்து, ஆலைப் பெயர் இருந்த பாதியைக் கத்தரித்துவிட்டு உன் முகத்தைப் பள்ளிக்குள் எடுத்து வைத்தார்கள்.

அந்த முற்றுகைக்குப் பிறகு விசாரணைக்கு உத்தரவு வந்தது. இப்போது ராத்திரி எரிப்பது நின்றிருக்கிறது. பகலில் எரிக்கிறார்கள். பகலில் காற்று புரண்டு எல்லாவற்றையும் மேலே கொண்டுபோய்விடுவதால் பள்ளியில் வாடை இல்லை. ஊர் மறுபடி நிம்மதியாகிவிட்டது. ஆனால் கலந்துபோவது வேறு, இல்லாமல் போவது வேறு. மதிய வெயிலில் அது நாற்றமில்லாத வேறு ஒன்றாக மாறி இன்னும் தள்ளி, பெயர் தெரியாத வேறு ஊர்ப் பிள்ளைகளின் நெஞ்சில் இறங்கும். அதைச் சொன்னால் என்னையும் சீக்குக்காரி என்பார்கள். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். விசாரணை நடக்கிறது, முடியவில்லை.

அதில் நானும் வாக்குமூலம் கொடுத்தேன். என் நோட்டை மேசையில் வைத்தேன். விசாரித்த அதிகாரி மரியாதையான மனிதர். இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒங்க ரிப்போர்ட்டு தப்புன்னு நீங்களே சொல்றீங்களாம்மா?"

"எண்ணெல்லாம் சரிங்க சார். எந்த நேரத்துல எந்தப் பிள்ளைக அந்தக் காத்த இழுத்துச்சுன்னு எழுதாம விட்டேன். அதுதான் தப்பு."

"இதால ஒங்க வேலைக்குப் பிரச்சினை வருமே?"

வந்தது. இப்போது ஒரு சின்ன இடத்தில் தண்ணீர் பரிசோதிக்கிறேன். யார் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாலும், எத்தனை மணிக்குப் பிடித்தது, வெயிலா மேகமா, அதற்கு முன்னால் குழாயைத் திறந்து எவ்வளவு நேரம் விட்டீர்கள் என்று கேட்கிறேன். அங்கே எனக்கு மணியம்மா என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

காலம் போனால் எல்லாம் ஆறும் என்று உன் வீட்டுக்காரர் போனில் எனக்கு ஆறுதல் சொல்கிறார், நான் அவருக்குச் சொல்லவேண்டியதை. உன்னை நினைத்து வரும் அழுகை ஆறட்டும். என் மேல் எனக்கு இருக்கிற இந்த அருவருப்பு மட்டும் ஆறவேண்டாம். கையெழுத்துக்கு ஒரு காகிதம் முன்னால் வரும்போதெல்லாம் அது எழுந்து வந்து விரலைப் பிடித்துக்கொள்கிறது. அது போய்விட்டால், அடுத்த காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.